பீடோங் முனையில் சைக்கிள் எண்ணியது

நான் மலேசியாவில் இருக்கும் கெடாவுக்குப் போனது அக்காவின் சைக்கிளைப் பிடுங்கி வைப்பதற்காக.

இதை அயர்லாந்தில் யாரிடமும் சொல்லவில்லை. கார்க் நகரத்துக்கு வெளியே நான் இருக்கும் சின்ன ஊரில் ‘சைக்கிள்காரர்’ என்றால் அது நான்தான். பத்து வருடமாக நானும் இன்னும் ஏழெட்டுப் பேரும் ஒழுங்காக பஸ் விடுங்கள், சைக்கிளுக்குத் தனிப் பாதை போடுங்கள் என்று கவுன்சில் படிகளை ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். மழையில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்திருக்கிறேன். முன்பின் தெரியாதவர்களை மடக்கி, காரை வீட்டில் விட்டுவிட்டு சைக்கிளை எடுங்கள் என்று கழுத்தறுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஆள், அறுபதை நெருங்கும் அக்காவிடம் இனி சைக்கிளைத் தொடாதே என்று சொல்ல விமானம் ஏறினால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்.

தனம் அக்கா காரைக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பீடோங்குக்குப் போனவள். அத்தான் தவறிப்போய் ஆறு வருடம் ஆகிறது. தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு தமிழ்ப்பள்ளி. அதன் கேண்டீனில் சமையல் வேலை. விடிவதற்கு முன்னால் சைக்கிளில் கிளம்பிவிடுவாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், பெரிய ரோட்டில் பின்னால் வந்த கார் ஒன்றின் பக்கக் கண்ணாடி அவள் முழங்கையில் தட்டியது. சைக்கிளோடு போய்ச் சாக்கடையில் விழுந்தாள். கார் நிற்கவில்லை. மணிக்கட்டில் தகடு வைத்துத் தைத்தார்கள்.

அவள் மகன் குமரன் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அவன்தான் போன் செய்தான். “மாமா, அவங்க திரும்ப வேலைக்குப் போறேன்னு நிக்கிறாங்க. நான் பேசுனா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடுறாங்க. நீங்க நேர்ல வந்து சொன்னாதான் கேப்பாங்க.”

செவ்வாய்க்கிழமை மதியம் பினாங்கில் இறங்கினேன். குமரன் காரோடு காத்திருந்தான். பாலத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறினோம். இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள்கள் சீறிக்கொண்டு போகின்றன. ஓட்டுகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பின்னாக மாட்டியிருக்கிறார்கள், காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க. ஒரு பெண் முன்னால் ஒரு குழந்தை, பின்னால் ஒரு குழந்தை, நடுவில் ஒரு எரிவாயு சிலிண்டர் என்று எங்களை முந்திப் போனாள். நான் என் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன்.

“மாமா, நான் ஒழுங்காத்தான் லா ஓட்டுறேன்” என்றான் குமரன், அந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் ‘லா’வோடு.

பீடோங்கைத் தாண்டி, தோட்டத்துப் பாதை பெரிய ரோட்டில் சேரும் முனைக்குக் கொஞ்சம் முன்னால் வேகத்தைக் குறைத்தான். “இங்கதான்.” வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு முழம்கூட இடமில்லை. உடனே சாக்கடை, அதற்கு அப்பால் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். எங்கள் பின்னால் வந்த லோரி ஹாரனை அழுத்தியது. சாக்கடையில் எவ்வளவு ஆழம் என்று பார்க்க எட்டினேன். அதற்குள் குமரன் காரை எடுத்துவிட்டான்.

அக்கா மெலிந்திருந்தாள். மற்றபடி பழைய அக்காதான். செருப்பைக் கழற்றுவதற்குள் தட்டு வந்துவிட்டது: சோறு, மீன்குழம்பு, அப்பளம், பக்கத்தில் மிளகாய்ச் சம்பல். வலது மணிக்கட்டில் தழும்பு புழு நெளிவதுபோல் இருந்தது. கரண்டியை இடக்கையால் பிடித்துத்தான் பரிமாறினாள். கூடத்தில், டிவிக்கும் ஐஸ்பெட்டிக்கும் நடுவில், துடைத்துப் பளபளவென்று சைக்கிள் நின்றது. டயரில் காற்று நிறைந்திருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

“ஞாயித்துக்கிழமை வேலைக்குப் போறேன்” என்றாள். “இதுக்கு மேல போனா வேற ஆள் வச்சிருவாங்க. சம்பல் போட்டுக்க.”

குமரன் என்னைப் பார்த்தான். நான் சம்பலைப் போட்டுக்கொண்டேன்.

கோழை என்று நீங்கள் நினைக்கலாம். நான் நேரடியாகப் பேச நினைத்துத்தான் வந்தேன். ஆனால் இந்த இயக்கத்தில் ஊறியவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிடுகிறது: ஆளிடம் பேசுவதைவிட அலுவலகத்திடம் பேசுவது சுலபம். அந்த முனையில் ரோட்டோரத்தை அகலப்படுத்திவிட்டால் அக்காவிடம் எதுவுமே சொல்லவேண்டாமே என்று அன்று ராத்திரி படுக்கையில் எனக்குத் தோன்றிவிட்டது. பத்து வருடத்தில் எங்கள் ஊரில் நூறு அடி பாதைகூட வாங்காதவன், ஐந்து நாளில் கெடாவில் வாங்கலாம் என்று நம்பினேன்.

புதன்கிழமை, சுங்கை பட்டாணியில் ரோடு விவகாரம் பார்க்கும் அலுவலகத்துக்குப் போகலாம் என்றேன். மலாய் பேச அக்காவும் வந்தாள். பீடோங் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். நிழற்குடையின் பாதியில் ஒருவர் ரம்புத்தான் கொத்துகளைத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தார். அரை மணி போயிற்று. முக்கால் மணி போயிற்று. எதிரில் இருந்த சாப்பாட்டுக்கடை பாய் வாசலுக்கு வந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க போறீங்கம்மா?”

“எஸ்.பி.க்கு, பாய்.” சுங்கை பட்டாணிக்கு அங்கே அதுதான் சுருக்கம்.

“அது எப்ப வருமோ. உள்ள வந்து உக்காருங்க. வந்தா கூப்பிடுறேன்.”

உள்ளே உட்கார்ந்து, பரோட்டா மாதிரி இருந்த ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டோம். நுரை பொங்க ஆற்றிய டீ, தே தாரேக், வந்தது. எங்கள் ஊரில் பஸ் நிறுத்தத்தில் மின்பலகை இருக்கும். இரண்டு நிமிடத்தில் பஸ் என்று காட்டும், அப்புறம் அந்த வரி மட்டும் மறைந்துபோகும், பஸ் வராது. பேய் பஸ் என்பார்கள். இங்கே பலகையும் இல்லை, பேயும் இல்லை, ஆனால் காத்திருக்கிற நேரத்துக்கு ரொட்டி கிடைக்கிறது. இந்த விஷயத்தில் பீடோங்குக்குத்தான் என் ஓட்டு.

கடைசியில் போனில் ஒரு வாடகைக் காரை அழைத்தோம். ஓட்டியவர் வயதான மலாய்க்காரர். பேச்சுவாக்கில் பஸ் வரவில்லை என்று அக்கா சொன்னதும் சிரித்துவிட்டார். அவர் சொன்னதை அக்கா எனக்குத் தமிழில் சொன்னாள்: “இவரு முன்ன இதே ரோட்டுல பஸ் ஓட்டினவராம். ஆள் இல்லேன்னு பஸ்ஸைக் கொறைச்சாங்களாம். பஸ் கொறைஞ்சதால இருந்த ஆளும் வர்றதில்லயாம். இப்ப அதே ஆளுங்களை ஒவ்வொருத்தரா இந்தக் காடியில ஏத்திக்கிட்டுப் போறாராம்.”

இதே பேச்சை, அச்சு மாறாமல், எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பாட்டம் பேசியிருக்கிறேன். அவருக்குக் கை கொடுக்கலாம்போல் இருந்தது. அவர் ஸ்டியரிங்கை விடாமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டேன்.

அலுவலகத்தில் இருந்த பெண் தன்மையானவர். படம் வரைந்து காட்டினேன், பொறுமையாகப் பார்த்தார். விண்ணப்பம் எழுதிக்கொடுக்கச் சொன்னார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்; அக்கா மொழிபெயர்த்தாள்: “அந்த முனையில ஒரு காலையில எத்தனை சைக்கிள் போகுதுன்னு கேக்குறாங்க. கணக்கு இருந்தா மேல காட்ட நல்லாருக்குமாம்.”

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. சைக்கிள் எண்ணுவது எனக்குச் சோறு தின்பது மாதிரி. ஒரு முனையில் நின்று, ஒரு சைக்கிளுக்கு ஒரு கோடு, ஐந்தாவதைக் குறுக்கே போடவேண்டும். எங்கள் இயக்கத்தின் மொத்த ஆயுதமும் அதுதான்.

வியாழக்கிழமை பகல் முழுக்க மழை. அக்கா ஒரு தண்ணீர்ப் போத்தலை வலக்கையால் திருகித் திறக்கப் பார்த்துவிட்டு, நான் கவனிப்பது தெரிந்ததும் இடக்கைக்கு மாற்றிக்கொண்டாள். கணக்கை நன்றாக எடுக்கவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கவலைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. அக்காவை எழுப்பாமல், நோட்டோடு தோட்டத்துப் பாதையில் நடந்து முனைக்குப் போனேன். இங்கே ஏழு மணி தாண்டியும் இருட்டு முழுசாக விலகாது. ஆறு மணி. ஆறரை. ஒரு சைக்கிள் வந்தது, பின்னால் பலாப்பழம் கட்டியிருந்தது. கோடு போட்டேன். ஏழு மணிக்கு இன்னொன்று. எட்டரை வரை நின்றேன். மொத்தம் மூன்று. அதில் பலாப்பழக்காரர் திரும்பி வந்ததும் சேர்த்தி.

மனசு விட்டுப்போயிற்று. ஆனால், உள்ளதைச் சொல்கிறேன், ஓரத்தில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. இந்தக் கணக்கை அலுவலகத்தில் காட்டமுடியாது, அக்காவிடம் காட்டலாம்.

அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நோட்டை நீட்டினேன். “பாருக்கா. ரெண்டரை மணி நேரம் நின்னேன். மூணே மூணு. இந்த ரோட்டுல சைக்கிள் ஓட்டுறது நீ ஒருத்திதான். அவனவன் விட்டுட்டுப் போயிட்டான். நீ மட்டும் எதுக்குப் பிடிவாதம் பிடிக்கிற?”

அவள் நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்பைச் சின்னதாக்கினாள்.

“தம்பி, இன்னைக்கு என்ன கெழமை?”

“வெள்ளி.”

“கெடாவுல வெள்ளியும் சனியும்தான்டா லீவு. ஸ்கூல் கெடையாது, ஆபீஸ் கெடையாது, நம்ம தோட்டத்துலயும் வேலை கெடையாது. ஞாயித்துக்கிழமைதான் எல்லாம் தொறக்கும்.” சொல்லிக்கொண்டே சிரிக்க ஆரம்பித்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “லீவு நாள்ல போயி ரோட்டுல நின்னு எண்ணியிருக்கான் பாரு. படிச்ச படிப்பு அப்படி.”

இரண்டு முறை இந்த ஊருக்கு வந்து போயிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகிறேன் என்று அவள் வாயாலேயே சொன்னாள். சம்பல் போட்டுக்கொண்டு கேட்டேன். கிழமை கூடத் தெரியாதவன் ஊருக்குத் திட்டம் போடக் கிளம்பிவிட்டேன். எங்கள் ஊரில் ஏதாவது அதிகாரி பள்ளி விடுமுறையில் கணக்கெடுத்து வந்திருந்தால் நான் பத்திரிகைக்குக் காட்டமாக ஒரு கடிதமே எழுதியிருப்பேன்.

சனிக்கிழமை குமரன் வந்தான். மூவரும் பசாருக்குப் போய்க் கீரையும் கெம்போங் என்கிற கானாங்கெளுத்தி மீனும் வாங்கி வந்தோம். நானும் அவனும் செவ்வாய்க்கிழமையே காரில் பேசிவைத்திருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்தேன். பினாங்கில் குமரன் வீட்டில் அறை காலியாக இருக்கிறது, பேத்தி இருக்கிறாள், இந்த வயதில் இருட்டில் லோரிக்கு நடுவில் போய் என்ன ஆகவேண்டியிருக்கிறது. எல்லாம் சொன்னேன். நியாயமாகத்தான் பேசினேன்.

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போகவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

“குமரன் உன் ஊரு நோட்டீசு ஒண்ணு போன்ல காட்டினான்” என்றாள். “அதுல என் படம் போட்டிருக்கியாமே.”

என் முகம் செத்துவிட்டது. உண்மைதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் பின்னால் சாப்பாட்டு டப்பா கட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டும் படத்தைத் துண்டுப் பிரசுரத்தில் போட்டோம். கீழே, ‘என் அக்கா தினமும் ஓட்டுகிறாள். நீங்கள்?’ என்று எழுதியது நான். அவள் விழுந்த பிறகும் அந்தப் பிரசுரம் எங்கள் நூலக மேசையில்தான் கிடந்தது. எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“அந்த நைட்டி போட்ட படம்தான் கெடச்சுதா உனக்கு? நல்லதா ஒண்ணு கேட்டா அனுப்பியிருக்க மாட்டேனா?”

குமரன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

“ஊரு பேரு தெரியாத வெள்ளைக்காரனுக்கு நான் ஓட்டிக் காட்டலாம். உனக்குன்னு வந்தா ஓட்டக் கூடாதா, தம்பி?”

என்னிடம் பதில் இருந்தது. அங்கே குளிர், இங்கே லோரி. அங்கே வேகக் கட்டுப்பாடு. இப்படிப் பத்து பதில். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, “எனக்குப் பயமா இருக்குக்கா” என்றேன். அதுதான் நிஜம். விமானத்தில் பதினாறு மணி நேரம் என்னோடு வந்தது அது ஒன்றுதான்.

“எனக்கும்தான்” என்றாள். “ராத்திரில அந்தக் காடி சத்தம் காதுலயே கேக்குது. அந்த எடம் வந்தா எறங்கித் தள்ளிக்கிட்டுப் போகலாம்னு வச்சிருக்கேன். ஆனா குமரா, நீயும் கேட்டுக்க. உங்கப்பா போனதுக்கப்புறம் யாரும் ஏத்திவிடாம, எறக்கிவிடாம, நானா போற எடம் அந்தக் கேண்டீன் ஒண்ணுதான். பினாங்குல வந்து பதினாலாவது மாடியில உக்காந்துகிட்டு, லிப்ட்டுக்கு யாரு கூட வருவாங்கன்னு பார்த்துக்கிட்டு இருக்கணுமா?”

குமரன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “நான் ஒண்ணும் சொல்லலம்மா” என்றான். இத்தனை நாளும் என்னை அனுப்பிச் சொல்லவைத்தவன் அவன்தான்.

என் பெட்டியில் அயர்லாந்திலிருந்து கொண்டுவந்த பின்விளக்கு ஒன்றும், இருட்டில் மின்னும் மஞ்சள் மேலாடை ஒன்றும் இருந்தன. சைக்கிளை நிறுத்த வந்தவன் இவற்றை எதற்கு எடுத்துவந்தேன் என்று கேட்காதீர்கள். விளக்கைப் பொருத்தினேன். மேலாடையைப் போட்டுப் பார்த்து, “ரோடு கூட்டுறவங்க மாதிரி இருக்கு” என்றாள். ஆனால் கழற்றி ஆணியில்தான் மாட்டினாள், பெட்டியில் திருப்பிப் போடவில்லை. பின்னாலேயே ஒரு சைக்கிளில் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், யாராவது பின்னால் வந்தால் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தோன்றும் என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தே காலுக்கே முனையில் போய் நின்றேன். வேலை நாள். ரோடு வேறு ரோடாக இருந்தது. தலையில் விளக்கு கட்டிய, ரப்பர் பால் வெட்டும் தொழிலாளிகள் வந்தார்கள். வங்காளதேசத்துப் பையன்கள் வரிசையாக வந்தார்கள், ஒரு சைக்கிளுக்கு இரண்டு பேர். கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் நேப்பாளத்துக்காரர்கள், பாட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர், விளக்கே இல்லாமல் பலபேர். போன் வெளிச்சத்தில் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கம் நிரம்பி அடுத்த பக்கம் திருப்பினேன். கணக்கு பிரமாதமாக வந்துகொண்டிருந்தது.

ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது தோட்டத்துப் பாதையில் மஞ்சள் தெரிந்தது. அக்கா. நேராக உட்கார்ந்து, வலக்கையை ஹேண்டிலில் சும்மா வைத்துக்கொண்டு வந்தாள். முனையில் ஒரு காலை ஊன்றி இரண்டு பக்கமும் பார்த்தாள். என் பக்கம் தலையைத் திருப்பாமலே, “எழுதிட்டியா?” என்றாள்.

“எழுதிட்டேன்க்கா.”

இடப்பக்கம் திரும்பிப் பெரிய ரோட்டில் ஏறினாள். விளக்கு சிவப்பாக விட்டுவிட்டு எரிந்தது. கொஞ்ச தூரம் போனது. பின்னாலிருந்து ஒரு மர லோரி வந்து என்னைத் தாண்டியது; சிவப்பு மறைந்துவிட்டது. லோரியின் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை.  லோரி போன பிறகு விளக்கு அதே இடத்தில் இருந்தது, ஆனால் அசையவில்லை. அப்புறம் மெதுவாக, நடக்கிற வேகத்தில், நகர்ந்தது. இறங்கித் தள்ளுகிறாள் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அந்த இடம் முடிந்ததும் விளக்கு ஒரு ஆட்டம் ஆடி மேலே ஏறியது, வேகம் பிடித்தது, வளைவில் போய்விட்டது.

அங்கிருந்து கால் மணி நேரப் பாதை. போனதும் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். ஆறரை ஆயிற்று. ஆறே முக்கால். முந்தின ராத்திரியே பினாங்குக்குத் திரும்பியிருந்த குமரன் மூன்று முறை அழைத்தான். “போயிட்டாங்களா மாமா?” “இன்னும் போன் வரல.” “போன் வந்துச்சா?” “குமரா, லைனை வைடா, அவ கூப்பிட்டா கெடைக்காது.” அவனைத் திட்டிவிட்டு நானே இரண்டு தடவை அவளுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. வளைவு வரை நடந்து போனேன், திரும்பி வந்தேன். பக்கத்தில் சைக்கிள் மணிச் சத்தங்கள் கேட்டன, பிள்ளைகள் பேச்சு கேட்டது, யாரோ எனக்கு “குட் மார்னிங் சார்” சொன்னார்கள்.

ஏழே காலுக்குப் போன் வந்தது. பின்னால் எண்ணெய் பொரியும் சத்தம், தட்டுச் சத்தம், பிள்ளைகளின் கூச்சல்.

“வந்து எவ்வளவோ நேரமாச்சு லா. போன் பைக்குள்ள கெடந்துச்சு, இங்க ஒரே கூட்டம். மீ கோரெங் கேட்டு உயிரை எடுக்குதுங்க. ஆமா, எத்தனை பேரு? நல்ல கணக்கு வந்துச்சா?”

நோட்டைப் பார்த்தேன். இரண்டாவது பக்கத்தின் பாதியில் நின்றிருந்தது. கடைசிக் கோடு அவளுடையது. அதற்குப் பிறகு அந்த முனையில் எத்தனை சைக்கிள் போனது என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மொத்தமும் அதற்குப் பிறகுதான் போயிருக்கிறார்கள்.

“உன்னோட நின்னுபோச்சுக்கா” என்றேன்.

அந்தப் பக்கம் அடுப்பைச் சின்னதாக்கினாள். எண்ணெய் அடங்கியது.

“சரி, அழாத” என்றாள். “நாளைக்கு மறுபடி நில்லு. நாளைக்கும் ஸ்கூல் இருக்கு.”

நாளைக்கு நிற்கலாம். செவ்வாய்க்கிழமையும் நிற்கலாம், எனக்கு விமானம் அன்று இரவுதான். அதற்கப்புறம் அவள் இந்த முனைக்கு வந்து காலை ஊன்றும்போது எனக்கு அங்கே முந்தின நாள் இரவு பத்து மணி. அவள் பைக்குள்ளிருந்து போனை எடுக்கும் வரை தூங்கமாட்டேன். எத்தனை வருடத்துக்கு என்று தெரியவில்லை.

“நிக்கிறேன்க்கா. நீ எறங்கித் தள்ளுறப்ப மட்டும் சொல்லிட்டு எறங்கு, வெளக்கு அசையாம நின்னா எனக்கு உயிர் போகுது” என்றேன்.

“யாருகிட்டடா சொல்றது?” என்று கேட்டுவிட்டு, யாருக்கோ தட்டு எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள்.